அப்பாதுரையும் ஆறு கிராம் குருவியும்

மரக்காணத்து உப்பளத்தில் அப்பாதுரைக்குத் தெரியாத சங்கதியே கிடையாது. நம்பாவிட்டால் அவரையே கேளுங்கள், சொல்வார். பறவை என்றால் பூநாரைதான், இடுப்பு உயரத்துக்கு நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. மற்றதெல்லாம் காக்கா வகையறா.

இருபத்தெட்டு வருஷம் உப்பு வாரியதில் பாதம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "இன்னும் ரெண்டு வருஷம் பாத்தியில நின்னா காலையே எடுத்துடுவாங்கய்யா" என்று மனைவி விருத்தாம்பாள் தினமும் புலம்புவாள். அந்த நேரம் பார்த்துத்தான் பிரம்மதேசம் பக்கத்துக் கோயில் காட்டுக்கு வாட்சர் வேலை ஒன்று வந்தது. மாதச் சம்பளம், நிழல் வேலை. பறவைச் சங்கத்து அஸ்வினி வந்து ஒரே நிபந்தனை சொல்லிவிட்டுப் போனாள்: ஞாயிற்றுக்கிழமை காட்டில் பூங்கொத்திக் குருவியைக் காட்டுகிறவருக்கு வேலை.

போனில் படத்தைப் பார்த்து அப்பாதுரை சிரித்தார். "இதுவாம்மா? எங்க ஊரு கொசு இதவிடப் பெரிசா இருக்குது."

விரல் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். எடை ஆறு கிராமைத் தாண்டாது. முதுகு சாம்பல் பச்சை, வயிறு அழுக்கு வெள்ளை, அலகில் மட்டும் லேசாக ரோஸ். ஆனால் இமயமலை அடிவாரத்திலிருந்து இலங்கை வரைக்கும் அதற்கு வீடு. நம்ம ஆள் செங்கல்பட்டைத் தாண்டியதில்லை.

சனிக்கிழமை காட்டைப் பார்க்கப் போனவருக்கு மனசு பொறுக்கவில்லை. மரமெல்லாம் புல்லுருவி. விருந்தாளி வர்ற இடம் இப்படியா இருக்குறது? எல்லாவற்றையும் அறுத்துத் தள்ள, வீட்டுக்கு வந்து துரட்டியைத் தேடினார்.

"யோவ், அத வெட்டாத. அந்தக் குருவி தின்றதே புல்லுருவிப் பழந்தான்" என்றாள் விருத்தாம்பாள். "கொட்டை பிசினு மாதிரி ஒட்டிக்கினு வெளிய வரும். பின்பக்கத்தக் கிளையில தேச்சுத் தேச்சு விடும். அங்கதான் அடுத்தது மொளைக்குது."

"குருவி பின்பக்கத்தப் பாத்துக்கினு இருந்தியா? குடும்பம் உருப்பட்டாப்புலதான்!"

அந்தக் காட்டில் ஒரு சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது, ஐயனார் கோபித்துக்கொள்வார். அதற்கும் வழி வைத்திருந்தார் மனுஷன். கற்பூரம் ஏற்றி, "சாமி, இது மரமில்ல, வாடகை குடுக்காம ஒட்டிக்கினு இருக்குது. காலி பண்ணிடுறேன்" என்றார். ஐயனார் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றுதானே அர்த்தம்? சாயங்காலம் வரை அறுத்துத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை அஸ்வினி பைனாகுலரோடு வந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு காக்கா வந்தது, போயிற்று.

"இதையெல்லாம் யார் வெட்டினது?" குவியலைப் பார்த்துக் கேட்டாள்.

"நான்தாங்க! ஒத்த ஆளா, ஒரே நாள்ல. எல்லாம் உங்களுக்காகத்தான்."

அஸ்வினி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயா, அதோட சாப்பாட்டையே அறுத்துட்டீங்களே" என்றாள். அப்பாதுரைக்கு முகம் செத்துப்போயிற்று. தன் காலைத் தானே வெட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்துவிட்டது.

டீ கொண்டுவந்த விருத்தாம்பாள் மெதுவாக வாயைத் திறந்தாள். "கோயிலுக்குப் பின்னால இலுப்பை மரத்துல புல்லுருவி ஒண்ணு மிச்சம் இருக்குதும்மா. அவருக்குத் துரட்டி எட்டியிருக்காது." அவள் கூட்டிப்போய் நிறுத்திய இடத்தில், தலைக்கு மேலே "சிக் சிக் சிக்" என்று ஓயாத சத்தம். அந்தப் பொடிப்பயல் ஒரு பழத்தை விழுங்கினான், நகர்ந்தான், கிளையில் பின்பக்கத்தைத் தேய்த்தான்.

"அம்மா, ஒண்ணாம் தேதியிலிருந்து வேலைக்கு வர முடியுமா?" என்றாள் அஸ்வினி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாதுரை தலை நிமிராமல் நடந்தார். மானம் போன வலி அப்படி. விருத்தாம்பாள்தான் பேசினாள். "நீ இனிமே உப்புல இறங்க வேணாம்யா. என் சம்பளம் போதும். சோறு மட்டும் ஆக்கி வெச்சிடு." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துடுச்சு என்றார்.

ஒண்ணாம் தேதி, ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டு நாலாவது தடவையாக அவளுக்குப் போன் போட்டார்.

"ட்யூட்டி நேரத்துல போன் பண்ணாதய்யா, குருவி பறந்துடுது" என்று வைத்துவிட்டாள்.