மல்லிகா அக்கா மடியில் என் பை

இன்று மதியம் பதுளையிலிருந்து நமுனுகுல பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். தோளில் கனமான பை. உட்கார்ந்திருந்த ஒருவர், நம்மூர் வழக்கப்படி, முகத்தைக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகுதான் நிமிர்ந்தார். மல்லிகா அக்கா.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவ சபையில் இருவரும் ஒரே பாட்டுக் குழு. டிசம்பர் ஒத்திகையில், அக்கா சுருதி விலகுகிறார் என்று எல்லோர் முன்பும் சொன்னேன். அன்றோடு பேச்சு நின்றது. மனஸ்தாபத்தோடு எழுந்துபோய்த் திருவிருந்து அப்பம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதமாகப் பாடவும் போகாமல், ஆராதனையில் கடைசி வாங்குப் பலகையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வாங்கிய பையை அவரால் திருப்பிக் கொடுக்க முடியாது. அக்கா ஜன்னலைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இரண்டு வளைவு தாண்டியதும், "என்ன புள்ள, கல்லா தூக்கிக்கிட்டுப் போற?" என்றார்.

"புத்தகம்க்கா."

"இவ்வளவு படிச்சும் பேசத் தெரியலயே."

"மன்னிச்சிடுங்கக்கா. எல்லாரு முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது."

"அப்ப சொன்னது சரிதாங்கிற?"

நான் மறுபடி கூரையைப் பார்த்தேன். அக்கா சிரித்துவிட்டார்.

"நானுந்தான் மூணு மாசமா திருவிருந்துக்கு எழும்பல. நீ பாக்கலயா?"

பார்க்கவில்லை. என் வருத்தத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நாளைக்கு ரெண்டு பேரும் சேந்தே போவோம். பாடவும் வந்துரு."

இறங்கி நடந்தபோது, பல நாள் காய்ச்சல் விட்டதுபோல இருந்தது.

நாளை அக்கா பக்கத்தில் நின்று பாட வேண்டும். அவர் மறுபடி சுருதி விலகினால் என்ன செய்வது? பாட்டுக் குழுவில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.