மேட்டில் நிறுத்தியவன்

குவைத்தில் தரை தோசைக்கல் மாதிரி சமமாகக் கிடக்கிறது. வந்த புதிதில், முதலாளியின் ஜப்பான் காரைச் சாயங்காலம் எங்கே நிறுத்துவது என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டு வாசலில் இடமிருந்தும், நாலு தெரு தள்ளி ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த சரிவைத் தேடிப்பிடித்து, அதில் நிறுத்திவிட்டு நடந்து வருவேன்.

புதுச்சேரிப் பக்கம் எங்கள் ஊர் பாகூர்க்காரர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அண்ணன் சவரியும் நானும் ஓட்டிய பழைய வாடகைக் காருக்குச் செல்ஃப் எடுக்காது. வேலை முடிந்ததும் ஏரிக்கரை மேல் ஏற்றி, சக்கரத்துக்குக் கல் வைப்போம். காலையில் கல்லை எடுத்துவிட்டுச் சரிவில் உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் இருமிக்கொண்டே கிளம்பும். வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஜினை இறக்கி ஏற்றவேண்டும். ஒருமுறை வில்லியனூரில் மாதா கோயில் கல்யாணத்துக்குப் போகும்போது மாப்பிள்ளையே கோட்டோடு இறங்கித் தள்ளினார். அப்படிப் பழகியவனுக்கு, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியும் ஒரு தடவைகூட இன்ஜின் இறக்காத கார் என்றால் நம்பிக்கை வருமா? சாவியைத் திருப்பினால் ஒரே திருப்பில் எடுக்கும். புகை இல்லை, சத்தம் இல்லை. இன்றைக்கு எடுத்துவிட்டது, நாளைக்கு எடுக்குமா என்றுதான் எனக்குக் கவலை.

முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டார்.

"வண்டிக்கு என்ன?"

"ஒன்றுமில்லை."

"பிறகு ஏன் மேட்டில்?"

எனக்குத் தெரிந்த அரபி முப்பது வார்த்தை. "இன்ஜின் எடுக்காது என்று பயம்" என்றேன். கோளாறு டிரைவருக்குத்தான் முதலில் தெரியும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். காரை விற்கப்போவதாகவும், மகனே புது வண்டி வாங்கி ஓட்டுவான் என்றும் மறுநாள் சொன்னார். டிரைவர் வேண்டாம் என்றால் விசாவும் இல்லை.

பேசினால் இன்னும் கெடும். காரை அவர் வாசலிலேயே சமதரையில் நிறுத்திச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். "பத்து நாள் தொடாதீர்கள். பிறகு நீங்களே எடுங்கள்" என்று விரல்விட்டுக் காட்டினேன். பத்து நாளும் ஜெபம் சொல்லிச் சொல்லி மாதாவைத் தூங்கவிடவில்லை. பதினோராம் நாள் புழுதி மூடிக் கிடந்த காரில் அவரே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே திருப்புதான்!

"நோய் வண்டிக்கு இல்லை, உனக்குத்தான்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். வேலை நிலைத்தது. மேட்டையும் மறந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் பாகூர் போனவன், அண்ணன் காரைக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போய் வந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். காலையில் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இன்னாடா இது, சமதரையில வுட்டுவச்சிக்கிற? குவைத்துக்குப் போயி புத்தி பூட்ச்சா? தள்ளு, வா!"

தெருவே சிரித்துக்கொண்டு கைகொடுத்தது. மடிப்புக் கலையாத குவைத் சட்டையோடு நானும் தள்ளினேன். வண்டி இருமி, உதறி, ஓடத் தொடங்கிவிட்டது. அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான்.

"ஓடியாந்து ஏறுடா! நிறுத்துனா நின்னுபூடும்!"

எனக்காக நிற்க முடியாத அந்தக் காரின் பின்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.