ஆடி மாதத்து ஒற்றை டிக்

தாய்மாமனுக்குரிய திருமணப் பத்திரிகை, குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக, மற்ற எவருக்கும் முன்பாக, தாம்பூலத் தட்டில் வைத்து நேரில் கொடுக்கப்பட வேண்டும். இந்த விதி எந்த அரசிதழிலும் வெளியானதில்லை. ஆனாலும் தாலுகா அலுவலகத்தில் காலமெல்லாம் நான் புரட்டிய விதிகளைவிட உறுதியானது. இதற்குத் திருத்தம் கிடையாது, விலக்கு கிடையாது, மேல்முறையீடு கிடையாது.

அந்த விதி மீறப்பட்ட செய்தி எனக்குப் பாளையங்கோட்டை டீக்கடை ஒன்றில் கிடைத்தது. என்னோடு ஒரே அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்ன வே, மருமவ கல்யாணத்துக்கு என்ன சீர் செய்யுதீரு?"

திரையில் வள்ளியூரில் இருக்கும் என் தங்கை மகளின் கல்யாணப் பத்திரிகை. ஓரத்தில் இரண்டு யானைகள் தும்பிக்கையை ஆட்டிக்கொண்டிருந்தன. நண்பர் மாப்பிள்ளை வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். தூரத்துச் சொந்தத்துக்கு வந்துவிட்டது, தாய்மாமனுக்கு வரவில்லை.

"உமக்கும் வந்திருக்கும் வே. குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல நீரு இருக்கீருல்லா?"

இருந்தேன், பெயரளவில். பெங்களூரில் இருக்கும் என் மகன் போன முறை வந்தபோது ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கி, புது எண் போட்டு, என்னைக் கேட்காமலே குரூப்பில் சேர்த்துவிட்டுப் போனான். முதல் நாள் காலையில் உறவினர் அனைவரும் ஆளுக்கொரு ரோஜாப்பூவை அனுப்பி எனக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களும் அதில் இருந்தார்கள். மறுநாள் போனை அணைத்து, பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

என்னிடம் டிஜிட்டல் டைரி இருந்தது. துபாய்ச் சரக்கு என்று மேலப்பாளையத்துக் கடையில் வாங்கியது. உள்ளங்கை அகலம், கடுகு போலப் பொத்தான்கள், இரண்டு வரித் திரை. முகவரி கேட்டால் முகவரி சொல்லும். தேதி குறித்து வைத்தால் அந்தத் தேதியில் கீச்சென்று ஒரு சத்தம் போடும். நான் கேட்காதவரை வாயைத் திறக்காது. இந்தக் குணத்தை எனக்குக் கீழே வேலை பார்த்த எவரிடமும் நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி பீரோச் சாவியை எடுத்தாள்.

"போனைத் திறந்து பாப்பமே. பிள்ளை கல்யாணம்லா?"

"திறக்காதே" என்றேன்.

காரணம் இருந்தது. நண்பர் டீக்கடையிலேயே விளக்கியிருந்தார். இப்போது என் தங்கையின் திரையில் என் பெயருக்கு நேரே ஒரு டிக் மட்டும் இருக்கும். நான் போனை உயிர்ப்பித்தால் அது இரண்டாகும். பத்திரிகையைப் பார்த்தால் இரண்டும் நீலமாகும். அதாவது, பெற்றுக்கொண்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டதாகிவிடும். பூட்டிய வீட்டுக் கதவில் அறிவிப்பை ஒட்டிச் சார்வு செய்வதற்கு, சேர்ப்பித்ததாகக் கணக்கில் கொள்வதற்குக்கூட, இரண்டு சாட்சிகள் வேண்டும். பூட்டிய பீரோவுக்குள் யானைப்படம் அனுப்பிச் சார்வு செய்ய எந்த விதியில் இடம் இருக்கிறது?

டைரியோடு இருந்தால் என் உரிமை இருக்கும், கல்யாணம் போய்விடும். போனைத் திறந்தால் கல்யாணம் இருக்கும், உரிமை போய்விடும். அந்தப் பெண் காது குத்தின அன்று என் மடியில் உட்கார்ந்து என் கட்டைவிரலைக் கடித்தவள். அவளை மணவறைக்குக் கைபிடித்து அழைத்துப்போக நான்தான் வேண்டும். போகாமல் இருக்க முடியாது. அழைப்பில்லாமல் போய் நிற்கவும் முடியாது.

எனவே தெரிந்ததைச் செய்தேன். 'பொருள்: திருமண அழைப்பு நேரில் வரப்பெறாமை குறித்து' என்று தொடங்கித் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையோடு தபாலில் சேர்த்தேன். அட்டை அவள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

"கூடப்பொறந்தவளுக்கு நோட்டீஸ் விட்டிருக்கிய" என்றாள் மனைவி. "நீங்க டைரியைக் கட்டிக்கிட்டு இருங்க. நான் பஸ் ஏறிப் போயிருவேன்."

தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று ஒலிபெருக்கி காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். சத்தத்தைப் பற்றி மாநகராட்சிக்கு மனு எழுதத் தோன்றியதே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

ஒருநாள் காலை வாசலில் கார் நின்றது. தங்கையும் அவள் கணவரும் இறங்கினார்கள். அவள் கையில் வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு ஒரு தட்டு.

"விடியக்காலம் குலதெய்வம் சாஸ்தா கோயில்ல வச்சிட்டு நேரே இங்கனதான் வாரோம்ணே" என்றாள். "மத்தக் கட்டு இன்னும் பிரிக்கவே இல்ல. கார்ல கிடக்கு, போய்ப் பாருங்க."

"ஊரெல்லாம் யானை ஆடுதே?"

"அது வெறும் படம்ணே. அசலூர்ல இருக்குதவங்க லீவு போட வேண்டாமா? ஆடியில யாராவது பத்திரிகை வைப்பாங்களா? எல்லா ரூல்ஸும் தெரிஞ்ச ஆளு, இது தெரியலியா?"

என் மனைவி அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். சத்தம் கூடம்வரை வந்தது.

டைரியை எடுத்துப் பார்த்தேன். அதில் ஜூலை இருந்தது, ஆகஸ்ட் இருந்தது. ஆடி என்று ஒரு மாதமே இல்லை. குற்றத்தை அதன் மேல் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆடிக்கூழ் என்று ஒலிபெருக்கி காதில் கத்தியும் எனக்கு உறைக்காததை எதன் மேல் போடுவது?

தட்டை எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

"லெட்டருக்குப் பதில் எழுதணுமாம்லா. எழுதத் தெரியாது, வந்துட்டேன்" என்றாள் தங்கை. "அந்தப் போனைக் கொஞ்சம் திறங்கண்ணே. மண்டபத்துக்கு வழி அனுப்பி ஒத்த டிக்கிலயே நிக்குது."

போனையும் பீரோச் சாவியையும் மனைவியின் பொறுப்பில் ஒப்படைத்தேன். டைரி என் சட்டைப்பையில் இருக்கிறது; கல்யாணத்தன்று ஒருமுறை கீச்சிட வேண்டிய வேலை அதற்கு மிச்சமுண்டு. அவர்கள் போனபின் என் கடிதத்தின் நகலை எடுத்து, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கோப்பை முடித்தேன். பதில் வரப்பெற்ற நாள்: ஆவணி, முதல் தேதி.