இடது பக்கத்துப் பல்

ஆலங்காயத்தைத் தாண்டி, காடு தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் கடைசித் தெருவில்தான் அமிர்தவள்ளியின் வீடு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. காலையில் கம்பெனி வேன் முச்சந்தியில் வந்து ஹாரன் அடிக்கும். ஈரத்தலையோடு ஓடிப்போய் ஏறுவாள். புருஷன் கோதண்டராமன் சிறுநீரகம் கெட்டுப்போய் இறந்த பிறகு வீட்டில் அவளும் மகன் ஜீவாவும் மட்டும்தான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் ரோட்டின் குறுக்கே மாடு வந்துவிட, வேன் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டான். முன்சீட்டுக் கம்பியில் அமிர்தவள்ளியின் வாய் போய் மோதியது. மற்ற பெண்களுக்கு முழங்கையில் சிராய்ப்பு, நெற்றியில் வீக்கம் என்று சில்லறைக் காயங்கள். அவளுக்கு மட்டும் மேல்வரிசையில் நட்டநடுவில் இருந்த இரண்டு பற்கள் வேரோடு போய்விட்டன.

"பல்லுதான போச்சு, உயிரா போச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். ஆனால் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் போனது என்னவென்று தெரிந்தது. பேசினால் காற்றுதான் வந்தது. சூப்பர்வைசர் ஒவ்வொரு முறையும், "இன்னா சொல்றீங்க, புரியல" என்று காதைக் கிட்டே கொண்டுவந்தான். லைனில் முதலில் சிரிப்பவள் என்று பெயர் வாங்கியிருந்தவள், சாப்பாட்டு நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சோற்றைக் குழைத்து விழுங்க ஆரம்பித்தாள்.

பக்கத்து மெஷினில் தைக்கும் வஜீதாதான் ஒரு நாள் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள்.

"அக்கா, எங்க மேல்விஷாரத்துப் பொண்ணு ஒண்ணு, மெஹக்னு பேரு, வேலூர் பக்கம் பல் காலேஜ்ல மேல்படிப்பு படிக்குது. அதோட ஆராய்ச்சிக்கு முன்பல் போனவங்களா தேடிக்கிட்டிருக்காம். எலும்புலயே பல்லு வெச்சுக் குடுப்பாங்களாம். கேட்டுப் பாக்கலாமா?"

"ஆராய்ச்சின்னா நம்மள வெச்சு எதுனா பண்ணிப் பாப்பாங்களா?"

"பண்ணத்தான் பாப்பாங்க. பல்லு வருமே!"

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்துவிட்டு, மறுநாள் லீவு சொல்லிவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினாள்.

மெஹக்குக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். தலையைச் சுற்றிய துணிக்கு மேலே கண்ணாடி அணிந்திருந்தாள். எதையும் மறைக்காமல், அவசரப்படாமல் பேசினாள்.

"போன பல்லு எடத்துல எலும்புக்குள்ள ஒரு சின்ன ஸ்க்ரூ வெப்போம்மா. ரெண்டு பக்கமும் ஒரே ஸ்க்ரூதான். ஆனா ஒரு பக்கம் மட்டும் உங்க ரத்தத்துலருந்தே எடுத்த ஜவ்வு மாதிரி ஒண்ண வெச்சுத் தைப்போம். எந்தப் பக்கம் சீக்கிரம் ஆறுது, எந்தப் பக்கம் எலும்பு நல்லா புடிக்குதுன்னு பாக்கறதுதான் என் ஆராய்ச்சி. இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடலாம், நடுவுல வேணாம்னாலும் போய்டலாம்."

"எந்தப் பக்கம் வெக்கறதுன்னு நீங்க முடிவு பண்ணுவீங்களா?"

"நான் பண்ணக் கூடாது. எனக்கு ஒரு பக்கம் மேல ஆசை வந்துடும்ல? சீட்டு குலுக்கிப் போட்டு எது வருதோ அதுதான்."

சீட்டில் இடது பக்கம் வந்தது.

அறுவை சிகிச்சை நடந்த அன்று அவள் கையிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு சிறிய இயந்திரத்தில் வைத்துச் சுற்றவிட்டார்கள். குழாயைத் திரும்ப எடுத்தபோது சிவப்பு அடியில் தங்கி, மேலே நுங்கு போல வெளிறிய மஞ்சளாக ஒரு கட்டி நின்றது. "இதுவும் என் ரத்தமா?" என்று மரத்துப்போன உதட்டோடு கேட்டாள். ஆமாம் என்று மெஹக் தலையாட்டினாள். அதை மெல்ல அழுத்தித் தகடாக்கி, இடது பக்க ஸ்க்ரூவின் மேல் போர்த்தித் தைத்தாள். வலது பக்கத்தை வெறுமனே தைத்தாள்.

இடது பக்கம் முந்திக்கொண்டது. வீக்கம் அங்கேதான் முதலில் வடிந்தது. ஈறு அங்கேதான் முதலில் இளஞ்சிவப்பாக மூடியது. ஒவ்வொரு முறை போகும்போதும் மெஹக் படம் எடுத்தாள். கூடப் படிப்பவர்களை அழைத்துக் காட்டினாள். "உங்க இடது பக்கத்தப் பாத்தா எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கும்மா" என்றாள். வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்த அமிர்தவள்ளிக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. தன் உடம்பில் எதையாவது பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. மழைக்காலம் மறுபடி வந்து போனபின் எலும்பு நன்றாகப் பிடித்துவிட்டது என்று சொல்லி, இரண்டு ஸ்க்ரூவின் மேலும் தற்காலிகப் பற்களை மாட்டிவிட்டார்கள். "நெஜப் பல்லு மாட்டற வரைக்கும் கடினமா எதையும் கடிக்காதீங்க. முறுக்கு, கரும்பு, எதுவும் வேணாம்" என்று மெஹக் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாள்.

அவள் வாய் தேறி வந்த அதே மாதங்களில் ஜீவா கெட்டுக்கொண்டு வந்தான். பாலிடெக்னிக்கை முடித்துவிட்டு வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவன், மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டான். பிறகு வேலைக்கே போகவில்லை. பகலெல்லாம் தூக்கம், சாயங்காலமானால் தோஸ்துகளோடு மலையடிவாரம். கண் சிவந்து வருவான். கேட்டால், "உனுக்கு இன்னா தெரியும்?" என்பான்.

காணும் பொங்கல் அன்று மத்தியானம் நன்றாகக் குடித்துவிட்டு வந்தான். ஏலகிரிக்குப் போகவேண்டும், நண்பர்கள் காத்திருக்கிறார்கள், பைக் சாவி எங்கே என்று வீட்டைப் புரட்டினான். அமிர்தவள்ளி சாவியை இடுப்பில் செருகியிருந்தாள்.

"குடிச்சிட்டு மலை வளைவுல வண்டி ஓட்டப் போறியா? நான் தரமாட்டேன். நாளைக்குப் போ."

"குடும்மா. பேஜார் பண்ணாத."

"தரமாட்டேன்டா. எனக்குன்னு நீ ஒருத்தன்தான் இருக்க."

இடுப்புச் சாவியை மூடிக்கொண்ட அவள் கையை அவன் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. அவனுடைய மறு கையில் ஹெல்மெட் இருந்தது. வேண்டுமென்றே வீசினானா, கையை உதறிக்கொண்டதில் பட்டுவிட்டதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இடது பக்க உதட்டில் வந்து மோதியது. வாய் முழுக்க ரத்தம் நிறைந்தது. ஜீவா ஒரு கணம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டு, சாவியைக் கேட்காமல், நடந்தே வெளியே போய்விட்டான்.

அடுத்த வாரம் அவள் கல்லூரிக்குப் போகவேண்டிய முறை. போகவில்லை. மெஹக் போன் செய்தாள். "சொந்தக்காரங்க வீட்ல விசேஷம் டாக்டரம்மா, அப்புறமா வர்றேன்" என்றாள். உதட்டு வீக்கம் வடியட்டும் என்று காத்திருந்தாள். வீக்கம் வடிந்தது, ஆனால் நாக்கு பட்டால் இடது பல் அசைந்தது. ஈறிலிருந்து நாற்றத்தோடு ஏதோ கசிந்தது. வேலைக்குப் போய் மெஷின் முன் உட்கார்ந்தால் தலை சுற்றியது.

அவள் சாப்பிடாமல் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு ஜீவா வாசலில் நின்றபடியே, "கெளம்பு, காலேஜுக்குப் போலாம்" என்றான். நடந்ததைப் பற்றி அவன் வேறெதுவும் பேசவில்லை. பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். மனம் மாறிவிட்டான் என்று நம்ப அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இடது பல்லை விரலால் தொட்டதும் மெஹக்கின் முகம் விழுந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். துறைத் தலைவரான பெரிய டாக்டர் வந்து வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பார்த்தார். சுற்றிலும் மாணவர்கள். ஜீவா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"என்னம்மா பண்ணீங்க?" என்றார் பெரிய டாக்டர்.

அமிர்தவள்ளி மகனைப் பார்க்கவில்லை. "பொங்கலுக்குக் கரும்பு கடிச்சேன் சார்" என்றாள்.

"கடிக்காதீங்கன்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"இத்தன மாசம் இந்தப் பொண்ணு ஒழைச்சது உங்களுக்கு வெளையாட்டா? வாயக் கட்ட முடியாதுன்னா முதல்லயே வேணாம்னு சொல்லியிருக்கணும். உங்க எடத்துல வேற யாருக்காவது பல்லு கெடச்சிருக்கும்." பிறகு ஜீவாவின் பக்கம் திரும்பினார். "நீ பையனாப்பா? வீட்ல பாத்துக்கறது இல்லையா?"

ஜீவா தரையைப் பார்த்தான். "சொன்னா கேக்க மாட்டாங்க சார்" என்றான்.

அவன் பேசாமல் இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

அன்றைக்கே இடது ஸ்க்ரூவை எடுத்துவிட்டார்கள். இறுகப் பிடித்திருந்த எலும்பும் அதோடு துண்டாக வந்தது. வலது பக்கம் ஆடாமல் அசையாமல் நின்றது.

தையல் பிரிக்க அவள் தனியாகத்தான் போனாள். வேலை முடிந்ததும் மெஹக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடனே எழுந்து போகாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். எக்ஸ்ரேல முன்பக்கத்து எலும்பு ஒடஞ்சிருக்கு. புடிப்பு தளர்ந்து விழுந்திருந்தா அப்படி ஒடயாது. கரும்பு கடிச்சாலும் அப்படி ஆகறது கஷ்டம். வெளிலருந்து அடி பட்டிருந்தாதான் அந்த மாதிரி ஒடயும்."

அமிர்தவள்ளி தையல் பிரித்த இடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஜவ்வு வெச்ச பக்கம் போயிடுச்சு, வெக்காத பக்கம் நிக்குதுன்னு நான் எழுதினா, அது பிரயோஜனம் இல்லன்னு ஆயிடும். என்கிட்ட இருக்கறது கொஞ்சம் பேர்தான். உங்க ஒருத்தர் கணக்கே முடிவ மாத்திடும். நான் பொய்யா எழுதமாட்டேன். ஆனா நெஜம் எனக்குத் தெரியணும்ல?"

"எழுதினா என் பேர் வருமா?"

"வராதும்மா. வெறும் நம்பர்தான்."

"யாரு அடிச்சாங்கன்னு போடணுமா?"

"வேணாம். அடி பட்டுதா, படலயா. அது மட்டும் போதும்."

ஜன்னலுக்கு வெளியே ஹைவேயில் லாரிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தன் ரத்தத்திலிருந்து வந்த அந்த மஞ்சள் கட்டி அவளுக்கு நினைவுக்கு வந்தது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அதன் மேல் ஏன் பழி போடவேண்டும்?

"அடி பட்டுது" என்றாள்.

மெஹக் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்லயாம்மா? உங்க பையனா?"

"அத கேக்க மாட்டேன்னீங்களே, டாக்டரம்மா."

மெஹக்கின் கண் கலங்கிவிட்டது. டாக்டராகக் கேட்கவில்லை, பயமாக இருக்கிறது அதனால்தான் கேட்டேன் என்று சொன்னாள். உதவி தேவைப்பட்டால் அழைக்க ஒரு நம்பரை அமிர்தவள்ளியின் போனில் தானே பதிந்து கொடுத்தாள். அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தாள். எலும்பு போன இடத்தில் இப்போதைக்கு மறுபடி ஸ்க்ரூ வைக்க முடியாது, கழற்றி மாட்டுகிற பல்தான் செய்து தரமுடியும் என்று மெஹக் சொன்னபோதும், அதே போலத் தலையாட்டினாள்.

வீடு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜீவா குடிக்காமல்தான் இருந்தான். கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் கழுவிவிட்டு வந்து, அவனுக்கு எதிரில் நின்று சொன்னாள்.

"டாக்டரம்மா கிட்ட அடி பட்டுதுன்னு சொல்லிட்டேன்."

போனிலிருந்து தலை நிமிர்ந்தது. "யாரு அடிச்சாங்கன்னு சொன்ன?"

"சொல்லல."

"போலீஸ் கீலீஸ்னு போவாங்களா?"

"மாட்டாங்க."

அவன் மூச்சு விட்டுக்கொண்டான். தோள் தளர்ந்தது. மறுபடி போனைப் பார்க்கத் தொடங்கினான். அமிர்தவள்ளி அங்கேயே நின்றாள். இன்னும் ஏதாவது கேட்பான் என்று நின்றாள். வலிக்கிறதா என்று கேட்கலாம். தையல் பிரித்தார்களா என்று கேட்கலாம். திட்டினாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. அவன் கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

அடுப்பில் உலை வைத்தாள். அரிசியைக் களைந்து போட்டாள். பிறகு அடுப்படியிலிருந்தே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நெமிலில உன் மாமா வீட்ல போய் இரு, ஜீவா. நாளைக்கே போ. இங்க வேணாம்."

"இன்னா சொல்ற நீ?"

"எனக்கு உன்னப் பாத்தா பயமா இருக்குடா."

அந்த வார்த்தை அவனைத் தைத்ததா, இல்லையா, தெரியவில்லை. கத்தினான், கதவை உதைத்தான், சோற்றை வேண்டாம் என்று தள்ளினான். மறுநாள் அவள் வேன் ஏறப் போனபோது தூங்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் திரும்பி வந்தபோது பைக்கும் இல்லை, அவன் துணிகளும் இல்லை. பெற்ற பிள்ளையைத் துரத்திவிட்டோமே என்று இருட்டி வெகுநேரம் வரை அழுதாள். மாமா வீட்டுக்குப் போன் போட்டு, வந்து சேர்ந்துவிட்டான் என்று கேட்டறிந்த பிறகுதான் படுத்தாள். கதவைத் தாழிட்டதும் தூக்கம் வந்துவிட்டது. அவளுக்கு அது ஆச்சரியமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மெஹக் படிப்பை முடித்துக்கொண்டு ஐதராபாத்துக்குப் போய்விட்டாள். போகுமுன் வஜீதா மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்: ஜவ்வு வைத்த பக்கங்கள் மொத்தத்தில் நன்றாகவே ஆறியிருக்கின்றன, அமிர்தவள்ளி அம்மாவின் இடது பல்லைப் பற்றி, வெளியிலிருந்து அடிபட்டதால் இழந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன் என்று. வஜீதா அதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். வஜீதாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அமிர்தவள்ளி, "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஜோடியை எடுத்து மெஷினில் வைத்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் ஜீவா போன் செய்தான். ராணிப்பேட்டையில் ஏதோ கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறான். பாலிடெக்னிக் சர்டிபிகேட் வேண்டுமாம்.

"பீரோல மேல்தட்டுல இருக்கு" என்றாள். "வந்து எடுத்துக்கிறியா?"

"கொரியர்ல அனுப்பு."

"சரி. சாப்ட்டியா?"

லைன் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது. அவள் எழுந்து பீரோவைத் திறந்து, சர்டிபிகேட்டை எடுத்து, மடங்காமல் இருக்க அட்டைக்குள் வைத்து ஒட்டினாள். மறுநாள் வேனுக்குப் போகும் வழியில் கொரியர் கடை திறந்திருக்காது. கம்பெனிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் வஜீதாவிடம் கொடுத்து அனுப்பச் சொல்லலாம் என்று அதைப் பைக்குள் வைத்தாள்.