பெரட்டில் எடுத்த ஓட்டு

எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி பொய் எழுதியிருக்கிறார். வயதானவராயிற்றே, மறந்திருப்பார் என்று யாரும் என்னிடம் வரவேண்டாம். அவருக்கு ஒன்றும் மறக்கவில்லை.

பழைய தோட்டத்து ஆட்கள் மாதக் கடைசியில் தானா ராத்தா டவுன் மண்டபத்தில் ஒன்றுகூடுகிறோம். அதற்காக ஒரு நினைவு மலர் அச்சடித்திருக்கிறார்கள். போன வாரம் என் மகன் ஒன்று வாங்கி வந்தான். பளபளப்பான தாள். நடுப்பக்கத்தில் அவருடைய கட்டுரை. அந்தக் காலத்தில் தலைமைக் குமாஸ்தாவாக ஆபீசையே கையில் வைத்திருந்த மனிதர். அவர் எழுதுகிறார்: 'அன்றிருந்த தோட்டக் கமிட்டி முறையைத் தொழிலாளர்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டு, ஒருவர்கூட எதிர்க்காமல், ஏற்றுக்கொண்டார்கள்.' அந்த வரியை நான்கு தடவை படித்தேன். அதற்குள் அடுப்பில் பருப்பு தீய்ந்துவிட்டது.

தீய்ந்த வாடை என்றால் எனக்கு முனியாண்டி அண்ணன் ஞாபகம்தான். தேயிலை ஆலையில் இலை உலர்த்தும் அடுப்புப் பக்கம் அவருக்கு வேலை. எத்தனை தடவை துவைத்தாலும் அவர் சட்டையில் அந்த வாடை போகாது. கமிட்டியில் எங்கள் ஆள் அவர். உங்களுக்குக் கமிட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொத்தம் ஏழு பேர். மூன்று பேரை, லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவோம். நான்கு பேரைத் துரை நியமிப்பார். அந்த நால்வருக்கும் தலை, பெரிய கிராணி. தண்ணீர்க் குழாய், கக்கூஸ் கதவு, யாருக்கு எந்த வீடு, எல்லாவற்றுக்கும் அங்கேதான் முடிவு. லயத்தில் அதைப் 'பார்லிமெண்டு' என்போம்.

"பார்லிமெண்டுல இன்னிக்கு என்னண்ணே முடிவு?"

"வழக்கம்போல நாலுக்கு மூணுலா."

சிரிப்போம். எழுபதுகளின் கடைசியில் என் அப்பா செத்தார். அத்தோடு சிரிப்பு நின்றது.

வீடு அப்பா பெயரில் இருந்தது. அம்மா அதே தோட்டத்தில் இருபது வருடமாகக் கொழுந்து எடுத்தவள். நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள். வீட்டை அம்மா பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்டோம். நாலுக்கு மூணு. புதிதாக வந்த கங்காணிக்கு வீடு வேண்டுமாம். மூன்று மாதத்தில் நாங்கள் காலி செய்ய வேண்டுமாம்.

"உங்கப்பன்தான செத்தாரு? நானுமா செத்துப்போய்ட்டேன்?" என்று அம்மா கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். வேறு யாரிடம் கேட்பாள்?

நான் பாரம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை படித்தவள். கொழுந்துக் கூடை சுமக்கிறவர்களுக்குள் அது பெரிய படிப்பு. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. முனியாண்டி அண்ணன் சொல்லச் சொல்ல ஒரு மனு எழுதினேன். ஏழு பேரையும் நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகு வீட்டு விஷயத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். அவ்வளவுதான் மனு. லயம் லயமாகப் போய்க் கைரேகை வாங்கினேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா மையில் விரலை வைத்துவிட்டுத் தாளில் வைக்காமல் நின்றாள்.

"ரேகை வச்சா வேல போயிருமா பாப்பா?"

"போகாதுக்கா."

"போச்சுன்னா ஒன் வீட்டுக்குத்தான் சோத்துக்கு வருவேன்."

"எங்களுக்கு வீடே இல்லன்னுதானக்கா ரேகை கேக்குறேன்!"

பாதி லயம் சிரித்தது. அக்கா ரேகை வைத்தாள். ரிங்லெட் டவுனில் மளிகை வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டு என்னைக் கிண்டல் செய்தார்: "டவுன்காரனுக்கே கவுன்சில் ஓட்டு இல்ல. லயத்துக்காரிக்கு ஓட்டு கேக்குதோ?" அவர் சொன்னது உண்மை. உள்ளூர் மன்றத்துக்குத் தேர்தலையே எடுத்துவிட்டு அரசாங்கம் மேலேயிருந்து ஆள் போட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான். அதற்காக நானும் வாயை மூட வேண்டுமா?

மனுவைப் பெரிய கிராணி சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். "சரி, ஓட்டு விட்ருவோம். ஞாயித்துக்கிழம கோயில்ல வச்சுக்குவோம், தாயி" என்றார். தாயி என்றாரே, அதில் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அன்றே இரண்டு பால்டின்னைக் கழுவிக் காயவைத்தோம். ஆளுக்கு ஒரு தேயிலைக் கொட்டை. புது முறை வேண்டும் என்றால் சிவப்புத் துணி கட்டிய டின்னில் போட வேண்டும். பழையதே போதும் என்றால் மற்றதில். திரைக்கு அம்மாவின் பழைய சேலை.

இங்கே பெரட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. விடிகாலையில் ஆபீஸ் வாசலில் பேர் எடுப்பதுதான் பெரட்டு. எங்கள் மலையில் அந்த நேரத்துப் பனியில் பக்கத்தில் நிற்பவள் முகம் தெரியாது. அதனால் பேரைக் கூப்பிட்டால் கையை நன்றாகத் தூக்கி, "இருக்கேன்யா" என்று குரல் கொடுக்க வேண்டும். தூக்காவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடையாது. கை நம்மைக் கேட்காது, தானாகப் போகும். பேர் கூப்பிடும் முன் பெரிய கிராணி ஏதாவது தாளைப் படிப்பார்: இன்று எந்த மலை, எங்கே மருந்து அடிக்கிறார்கள், எந்தப் பாதை சரிந்திருக்கிறது. யாரும் காது கொடுப்பதில்லை. இடுப்பில் சாக்கைக் கட்டுவோம், வெற்றிலை மடிப்போம், பல் கிடுகிடுக்க நிற்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமையும் ஒரு தாளைப் படித்தார். 'கமிட்டி' என்ற சொல் என் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். மனு எழுதிய மகாராணி நான், அப்படித்தான் நினைத்தேன். கடைசியில் "இருக்கலாமா?" என்றார். உடனே பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

"இருக்கேன்யா."

"இருக்கேன்யா."

அம்மா தூக்கினாள். செல்லம்மா அக்கா தூக்கினாள். ஆலை ஆட்களுக்கும் அங்கேதான் பேர். முனியாண்டி அண்ணனும் தூக்கினார். என் பேர் வந்தது. தூக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் டின்களை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பெரிய கிராணி சாவகாசமாக வந்தார்.

"எதுக்கு டின்னு?"

"ஓட்டுக்குங்கய்யா."

"ஓட்டுதான் வியாழக்கிழமையே முடிஞ்சிருச்சே. நீயே கை தூக்குனியே, தாயி."

தாளை நீட்டினார். மேலே, 'கமிட்டி இப்போது உள்ளபடியே இருக்கலாம் என்போர்' என்று எழுதியிருந்தது. கீழே எங்கள் எல்லார் பேரும். ஒவ்வொரு பேருக்கும் எதிரே ஒரு குறி.

"அது பெரட்டுங்க! பேரு போடத் தூக்குன கை அது!" என்று முனியாண்டி அண்ணன் கத்தினார். ஆட்களுக்குக் கொடுக்கக் கொட்டைகள் போட்டு வைத்திருந்த டின்னைத் தலைக்கு மேல் தூக்கினார். டின்னை எறிந்துவிடுவார் என்று பயந்தேன். எறிந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

"படிச்சுட்டுத்தானே பேரக் கூப்ட்டேன்? ஒங்க காதுல விழலன்னா அது என் குத்தமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அம்மா திரைச் சேலையை அவிழ்த்து மடித்தாள். "வாடி, சாமானக் கட்டுவோம்" என்றாள்.

கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் உரமூட்டை வைக்கும் கொட்டகைக்குப் போனோம். அம்மா அங்கேதான் செத்தாள். எண்பதுகளில் கமிட்டியையே கலைத்துவிட்டார்கள். நாலும் போயிற்று, மூணும் போயிற்று. இப்போது லயங்கள் இல்லை. பெரட்டு எடுத்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்திவிட்டு ஸ்கோன் ரொட்டி தின்கிறார்கள். கொழுந்து வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்துப் பிள்ளைகள். அவர்களை எதற்கும் யாரும் கேட்பதில்லை. முனியாண்டி அண்ணன் இல்லை, செல்லம்மா அக்கா இல்லை. அந்தத் தாளில் இருந்த பேர்களில் பாதிக்கு மேல் இன்று உயிரோடு இல்லை. அந்தத் தைரியத்தில்தான் 'ஒருவர்கூட எதிர்க்காமல்' என்று எழுதுகிறார்.

கிராணி ஐயா, மண்டபத்தில் முதல் வரிசையில் உங்களுக்கு நாற்காலி போடுவார்கள், மாலை போடுவார்கள். போடட்டும். நானும் வருகிறேன். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. தனியாக வந்து என் காதில் சொல்ல வேண்டாம். மைக்கைப் பிடித்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: அன்றைய கூலியை இழக்காமல், 'இந்தக் கமிட்டி வேண்டாம்' என்று சொல்ல நினைத்த ஒருத்தி, அந்தப் பெரட்டில் என்ன செய்திருக்க வேண்டும்?