யானை குளித்த காலை

என் சித்தப்பாவின் வேலை போனதற்கு நான்தான் காரணம். வெகுகாலம் இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தமானின் பாராடாங்கில் ஆட்களை அக்கரை சேர்க்கும் லாஞ்சில் கயிறு கட்டி அவிழ்க்க அவர் ஒருவர்தான். தற்காலிக வேலை, அந்த மாதம் நிரந்தரமாவதாக இருந்தது. எங்கள் தீவில் தாமதமானவர்கள் மழை, கடல், வராத கப்பல் என்று எதையாவது கைகாட்டுவார்கள். லாஞ்சை ஓட்டிய சாரங்கிடம் அது செல்லாது. “முன்னாடி சொன்னா காரணம், வந்து நின்னு சொன்னா பஹானா” என்பார். சாக்குக்கு எங்கள் ஊர் இந்தி அது.

ஒரு காலை சித்திக்குக் காய்ச்சல் ஏறிப் பிதற்ற ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதே சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

“டேய் தம்பி, ஓடு. சாரங் பாய்கிட்ட வேற ஆள் போட்டுக்கச் சொல்லு. லாஞ்ச் கெளம்புறதுக்குள்ள!”

ஓடினேன். வழியில் ஓடையில், மரம் இழுக்கும் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அது பாகன் மேலேயும் கரையில் நின்றவர்கள் மேலேயும் தண்ணீரைப் பீய்ச்சியது. கரையெல்லாம் சிரிப்பு. கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.

துறைக்குப் போனபோது, ஆஸ்பத்திரியில் சித்தியை என் அம்மாவிடம் விட்டுவிட்டுச் சித்தப்பாவே வந்து நின்றிருந்தார். லாஞ்ச் கிளம்பியிருக்கவில்லை. ஜனங்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“வீட்டுல உடம்பு சரியில்ல, சாரங் பாய்...”

“அரே, சொல்லி அனுப்ப ஆளா இல்ல? இதோ உன் அண்ணன் மவன் நிக்கிறானே. க்யா ரே, உன் சாச்சா ஏதாச்சும் சொல்லி உட்டாரா?”

சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு, இல்லை என்று தலையாட்டினேன். சித்தப்பா என் சட்டையைப் பார்த்தார்.

“தப்பு என்னுதுதான்” என்றார்.

என்னை அனுப்பியதையே மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நிம்மதியடைந்தேன். நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. அவர் சிப்பிகாட் என்ற ஊருக்குக் குடிபோய்ப் பாக்குத் தோட்டத்தில் குழி வெட்டினார்.

நானும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நாள் சிப்பிகாட்டுக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். சேதியைச் சேர்க்காததையும் பொய்யாகத் தலையாட்டியதையும் சொன்னேன். “சின்னப் பையன்தானே, சித்தப்பா. யானையப் பார்த்ததும்...” என்று இழுத்தேன்.

“டேய், இப்பப் போயி பஹானாவா?” என்று சிரித்தார்.

“உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“சட்டதான் சொல்லுச்சே. நீ ஓடையில குதிச்சு ஆடிட்டு வந்திருக்கேன்னு நெனச்சேன். சின்னப் பயல அனுப்புனது நான். அப்புறம் உன்னக் கைகாட்டுனா அது என்னவாம்?”

சித்தி வைத்துவிட்டுப் போன டீ ஆறிக்கொண்டிருந்தது. சித்தப்பா தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார்:

“பெரிய யானையாடா?”