அம்மா கழுவிக்கொண்டு போன பாதங்கள்

பெரிய வியாழன் மாலையில் மலையகத்து லிந்துலைப் பக்கம் பனி கோயிலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். பீடத்து மெழுகுவர்த்திகள் எங்கோ தொலைவில் எரிவது போலிருக்கும். இப்போது நினைத்தாலும் அப்படி வந்த ஒரு மாலை நடந்ததா, கனவா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். எங்கள் தோட்டத்து ஆட்களோ மலையூற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் காலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் போவார்கள். அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்டுவதா? பெண்களையும் சேர்த்த முதல் வருடமே அம்மாவுக்கு இடம் கிடைத்தது. கேட்கவா வேண்டும், மதியத்திலிருந்து பீலியடியில்தான் இருந்தாள். செபமாலைக்கு ஒரு நாளும் தவறாதவள். தவறுகிறவர்களைச் சும்மா விடாதவள்.

சித்தப்பா எங்கள் வாசலை மிதிக்கக் கூடாது என்பது அவள் சட்டம். அப்பாவின் சாவுக்குக் குடித்துவிட்டு வந்தாராம். அப்பாவுக்கு இருந்த ஒரே தம்பி. எனக்கு அது வலித்தது. வாய் திறந்தால் எனக்கும் விழும்.

அன்று பன்னிரண்டில் ஒருவர் வரவில்லை. கதவோரம் நின்ற சித்தப்பாவை உபதேசியார் இழுத்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். மரக்கறித் தோட்டத்திலிருந்து நேராக வந்தவர். காலெல்லாம் சேறு, அட்டை கடித்த இடத்தில் ரத்தம். அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

சாமியார் முழந்தாளிட்டதும் சித்தப்பா காலை உள்ளே இழுத்தார். "வேணாங்க சாமி. அண்ணிக்குச் செய்யுங்க. அவங்க கால் சுத்தம்."

அந்தக் குரலில் குத்தலே இல்லை. சாமியார் விடவில்லை. கழுவக் கழுவத் தண்ணீர் கலங்கிச் சிவந்தது. அடுத்தது அம்மா. அவள் காலில் ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாகக் கீழே விழுந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவருக்குக் கழுவ நான் ஒண்ணும் மிச்சம் வைக்கலியே," என்றாள், பூசை முடிந்து வெளியே வந்ததும்.

தேயிலைக்கு நடுவே படியேறினோம். சித்தப்பா வழக்கம்போல எட்டவே பின்னால் வந்துகொண்டிருந்தார். அம்மா நின்றாள்.

"வாங்க தம்பி. வீட்ல சாப்பிட்டுப் போகலாம்."

காலடிச் சத்தம் நின்றது. அவர் வரவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நம்ப முடியாமல் பனிக்குள் நின்றிருப்பார். அம்மாதான் படியிறங்கிப் போனாள்.